சொன்ன இடத்தில் உடைய வேண்டும்

"நிமித்துங்க, நிமித்துங்க. செவுத்துல இடிக்காம நேரா நிமித்துங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்காரர் முன்னால் ஏறி வந்தார். காலிச் சவப்பெட்டி முதல் திருப்பத்தில் முட்டிக்கொண்டது. பிறகு நெட்டுக்குத்தலாக எழுந்து நின்று, நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி சாய்ந்து மேலே ஏறியது. நாலாவது மாடியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர், அது எழுந்து நின்ற திருப்பங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அன்று விடிகாலையில், அவர் அவளுடைய தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே, கையில் அவள் தலை கனத்துப் போனது. மூச்சு நின்றதைவிட அந்தக் கனம்தான் அவருக்கு முதலில் தெரிந்தது.

கட்டடம் பழையது, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட அன்று, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டி, நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி பின்னால் சாய, அவள் கழுத்து தொங்கி ஆடியது. "மளிகைச் சாமான் வந்திருக்குன்னு சொல்லுங்க" என்று தூக்கியவர்களிடம் தமாஷ் பண்ணிக்கொண்டுதான் வந்தாள். கட்டிலில் கிடத்திய பிறகு மட்டும், அவர் போர்வையை இழுத்துவிடும்போது, மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, போறப்ப இப்படி வேண்டாம். படுத்துக்கிட்டே போறேன்."

"சரி" என்று சொல்லிவிட்டார். கண்ணால் அளந்து பார்த்துத்தான் சொன்னார். அத்தனை அகலமான படிக்கட்டில் ஒரு பெட்டி திரும்பாதா என்று நினைத்துவிட்டார். நாளெல்லாம் ஊராருடைய பார்வையைச் சோதித்துப் பார்க்கிறவருடைய கண், தன் வீட்டுப் படிக்கட்டில் ஏமாந்துவிட்டது.

பெட்டி உள்ளே வந்து இறங்கியதும் மனைவியின் அண்ணனைத் தனியாக அழைத்தார்.

"மச்சான், இறங்கும்போதும் இப்படித்தானா?"

"வேற எப்படி மாப்பிள்ளை?" மச்சான் வீடு மாற்றிக்கொடுக்கும் லாரி வைத்திருப்பவர். ஆயுளில் பாதியைப் பீரோவோடும் கட்டிலோடும் படிக்கட்டில் கழித்தவர். "திருப்பம் வந்தா எதுவா இருந்தாலும் நின்னுதான் ஆகணும். உள்ள துணி வச்சு இறுக்கிக் கட்டிடுவாங்க. ஆடாது, அசையாது."

"அவளை நிக்க வைக்க வேண்டாம்."

"நான் மட்டும் ஆசைப்பட்டா சொல்றேன்? என் தங்கச்சி, மாப்பிள்ளை, அது." மச்சான் குரலை உயர்த்தினார். "செவுத்தை இடிச்சிட்டா கொண்டுபோக முடியும்?"

பெட்டிக்காரரும் தலையை ஆட்டினார். இந்தத் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான், யாரும் குறை சொன்னதில்லை என்றார். குறை சொல்ல வேண்டியவர்கள் பெட்டிக்குள் இருந்தார்கள் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அவர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார்.

"சார்."

திரும்பிப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் ஒரு ஒல்லிப் பெண் நின்றாள். வீட்டுக்குள் இடமில்லாமல் டீச்சருடைய வகுப்புப் பிள்ளைகள் வெகுநேரமாகப் படிகளில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டி மேலே வந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள், வாசலில் மச்சான் போட்ட சத்தத்தையும் கேட்டிருந்தார்கள்.

"வீட்டுல அட்டைப் பெட்டி இருக்குமா சார்? ஒரு கத்தரிக்கோலும் வேணும்."

"எதுக்கும்மா?"

"படிக்கட்டு செய்யணும்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீதான் ஆணியா?"

"ஆமா சார்."

டீச்சர் தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைப்பாள். சின்னதாக இருந்தாலும் சரியான இடத்தில் இறங்குகிறவள் ஆணி. யாரோடு உட்காரவைத்தாலும் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்காதவன் பசை. இரவுச் சாப்பாட்டில் இந்தப் பெயர்கள் எல்லாம் வந்து போகும். அவரும் பருப்பைப் பிசைந்துகொண்டே உம் கொட்டுவார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய மருந்துகள் வந்த அட்டைப் பெட்டியைக் காலிசெய்து கொடுத்தார். சமையலறைத் தரையில் ஆணியும் பசையும் இன்னும் இருவரும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். பசை ஒரு நூலோடு ஓடிப்போய்த் திருப்பத்தின் அகலத்தையும், கைப்பிடியின் உயரத்தையும், படிகளுக்கு நடுவில் மேலிருந்து கீழ்வரை இறங்கும் இடைவெளியையும் அளந்து, முடிச்சுப் போட்டுப் போட்டுக் கொண்டுவந்தான். அட்டை மடங்கி மடங்கிப் படிக்கட்டாகியது. பெட்டிக்குப் பதில் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று அவர்கள் தேடியபோது, அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார்.

ஆணி அதை நூலோடு வைத்துப் பார்த்தாள். "இது குட்டை சார். நமக்குச் சாதகமா ஏமாத்திடும்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அளவாக ஒரு அட்டைத் துண்டை வெட்டினாள்.

துண்டு திருப்பத்தில் முட்டியது. எப்படிச் சாய்த்தாலும் முட்டியது. பசை அதை நிமிர்த்தப் போக, "அதான் கூடாதுங்கறாங்கல்ல" என்று ஒருத்தி அவன் கையில் அடித்தாள். ஆணி வெகுநேரம் கையை முகவாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் துண்டைக் கைப்பிடிக்கு மேலே தூக்கி, ஒரு முனையை நடு இடைவெளிக்கு மேலே வெளியே நீட்டினாள். மறுமுனை சுவரைத் தொடாமல் அழகாகச் சுற்றி வந்தது.

"செவுத்துப் பக்கம் இடம் இல்ல சார். இந்தப் பக்கம் வெறும் காத்துதான். எவ்வளவு வேணும்னாலும் நீட்டலாம்."

"நீட்டலாம்மா. அந்த முனையை யார் பிடிக்கிறது? காத்துல நிக்க முடியுமா?" வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சான்தான் கேட்டார்.

"மேல் மாடிக் கைப்பிடியில குறுக்க ஒரு கட்டை போட்டு, கப்பி மாட்டி, கயித்துல தொங்கவிடுவோம் பெரியப்பா. முனை வெளியே போகும்போது கயிறு பிடிச்சுக்கும். திரும்பி கீழ்ப்படிக்கு வந்ததும் ஆள் பிடிச்சுக்கலாம். அப்புறம் கட்டையை ஒரு மாடி கீழே இறக்கணும். கப்பி ஸ்கூல்ல இருக்கு. டீச்சர் ரூம்ல."

"வெளையாட்டா இது? அறுந்து விழுந்தா?"

"அதைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றாள் ஆணி. கேள்வியை அவர் சரியாகக் கேட்டுவிட்டார் என்பது போலச் சொன்னாள். மச்சான், "மாப்பிள்ளை, நேரம் போகுது. சின்னப் பிள்ளைங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு நின்னா சாயங்காலம் இதே இடத்துலதான் நிப்போம்" என்று கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

எல்லாரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லிப் பெட்டி நழுவிவிட்டால், அதைவிடக் கேவலம் வேறு இல்லை. வேண்டாம் என்றால், அவள் எழுந்து எழுந்து நின்றபடி இறங்குவாள். இரண்டும் மாறி மாறிக் கண்முன் வந்து போயின.

"கப்பியை எடுத்துட்டு வாங்க" என்றார்.

பிள்ளைகள் நாலு திசையிலும் பறந்தார்கள். ஆணி மட்டும் போகாமல் நின்றாள். கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"கேளும்மா."

"டீச்சர் எவ்வளவு எடை இருப்பாங்க சார்?"

"கடைசியா ஆஸ்பத்திரியில பார்த்தப்ப நாப்பத்தொண்ணு."

ஆணி தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பில் அவர்கள் பார்த்த டீச்சர் மேசைமேல் ஏறி நின்றால் மேசை முனகும். "இந்த மேசை மாதிரி எல்லாரும் உண்மையைச் சொல்லணும்" என்று அவளே சிரிப்பாளாம். ஆணி பேனாவால் உள்ளங்கையில் எண்ணை எழுதிக்கொண்டாள்.

"பெட்டியையும் சேர்த்து ரெண்டு மடங்கு தொங்கவிட்டுப் பார்த்துடறோம் சார்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

மொட்டைமாடியில் இரண்டு குட்டைச் சுவர்கள் எதிரெதிரே இருந்தன. துணி உலர்த்துகிற மரக்கட்டையை அவற்றின்மேல் குறுக்கே போட்டுவிட்டுப் பிள்ளைகள் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா வந்து சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்திருந்த தண்ணீரை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்று அந்த அம்மாவுக்கு மனத்தாங்கல். கண்ணாடிக்காரர் மனைவியின் அருகில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் உறவினர்கள் சுவரோரமாக அமர்ந்திருந்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தலைக்கு மேலே படீரென்று ஒரு சத்தம். தொடர்ந்து கேன்கள் விழுந்து உருளும் சத்தம். அதற்குப் பின்னால், ஒரு கணம் இடைவெளி விட்டு, கைதட்டல்.

சும்மா ஒன்றிரண்டு தட்டு அல்ல. வகுப்பு முழுக்கச் சேர்ந்து, மனம் நிறைந்து தட்டுகிற கைதட்டல்.

மச்சான் முகம் சிவந்து எழுந்தார். "சாவு வீடுன்னு ஒரு இது வேண்டாம்? நான் போய் ஒவ்வொண்ணையும் முதுகுல வைக்கிறேன்." அவர் படியேற, கண்ணாடிக்காரர் பின்னாலேயே ஓடினார்.

மாடியில் கட்டை இரண்டாகக் கிடந்தது. மச்சானைப் பார்த்ததும்தான் பிள்ளைகளுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. பசைக்கு அழுகை வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க பெரியப்பா. பழக்கத்துல தட்டிட்டோம்" என்றாள் ஆணி.

"என்ன பழக்கம்? கட்டை உடைஞ்சதுக்கு என்ன கொண்டாட்டம்?"

"சொன்ன இடத்துல உடைஞ்சுது."

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். கட்டையில் ஒரு கணு இருந்தது. கணுவைச் சுற்றி வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். உடைப்பு அந்த வட்டத்தின் நடுவே ஓடியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் இதற்காக மனைவியிடம் எத்தனை பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். குச்சிகளை ஒட்டிப் பாலம் செய்யச் சொல்லுவாள், நூலும் கட்டையுமாகப் பாரந்தூக்கி செய்யச் சொல்லுவாள். பிறகு எடையை ஏற்றிக்கொண்டே போய் உடைப்பாள். உடைவதற்கு முன்னால் எங்கே உடையும் என்று பிள்ளைகள் அடையாளம் வைக்க வேண்டும். அடையாளம் வைக்காத பாலம் எவ்வளவு தாங்கினாலும் பாதி மார்க்குதான். "புள்ளைங்க உடைக்கவா ஸ்கூலுக்கு வருது?" என்று ஒரு தகப்பனார் வீடுவரைக்கும் வந்து கத்திவிட்டுப் போனார். அவள் அன்றைக்கும் சிரித்த முகமாகத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். "இன்னிக்கு மூணு பாலம் சொன்ன இடத்துல உடைஞ்சுதுங்க" என்றாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரிந்ததே இல்லை. கேட்டதும் இல்லை.

வட்டத்தின்மேல் விரலை வைத்துத் தடவினார். விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"சரி. இப்ப எதைப் போடலாம்?" என்று ஆணியிடம் கேட்டார்.

"இரும்பு வேணும் சார். குழாய் மாதிரி."

மச்சான் உடைந்த கட்டையைக் காலால் புரட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"லாரியில தார்ப்பாய் போடுற குழாய் ஒண்ணு கிடக்கு" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "கயிறும் என்னோடதையே எடுத்துக்கங்க. உங்க கயிறு பழைய சாமான் கட்டத்தான் லாயக்கு."

இரும்புக் குழாய் வந்தது. அதே கேன்கள், அதன் மேல் இன்னும் இரண்டு. குழாய் அசையவே இல்லை. மச்சான் முகத்தில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "இதுக்கு எங்க வட்டம் போடுவீங்க?"

"குழாய் உடையாது பெரியப்பா. அடுத்தது முடிச்சுதான் நழுவும்" என்று ஆணி கயிற்றைக் காட்டினாள். பசை போட்ட முடிச்சு உண்மையிலேயே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"யார் போட்ட முடிச்சு இது? செருப்பு வாருக்குப் போடுறது மாதிரி." மச்சான் உட்கார்ந்து அவிழ்த்தார். "இங்க பாரு. சுத்து, உள்ள விடு, இப்படித் திருப்பு. இழுக்க இழுக்க இறுகும். பீரோவோட என்னைக் கட்டித் தொங்கவிட்டாலும் நிக்கும்." பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மறுபடி அவிழ்த்து, மெதுவாக, இன்னொரு தரம் போட்டுக் காட்டினார்.

மதியம் சாய்வதற்குள் அவளைக் கிடத்திய பெட்டி வாசலுக்கு வந்தது. மூடியின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலைப் படுக்கவைத்து ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தைத் தூக்க வேண்டும். அதைச் சொல்வது பசையின் வேலை. மேல் மாடியில் குழாய்க்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்து மச்சானும் அவர் லாரி ஆட்களும் நின்றார்கள். தலைப் பக்கம் கண்ணாடிக்காரர். கால் பக்கம் பெட்டிக்காரரும் அவருடைய ஆட்களும். "எனக்கே ஒண்ணும் புரியல, ஆனா சொல்றபடி செய்யறேன்" என்று பெட்டிக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"தூக்குங்க" என்றாள் ஆணி.

பெட்டி தோளுக்கு ஏறியது. கைப்பிடியைத் தாண்டி உயர்ந்தது. கால் முனை மெல்ல வெளியே போய், நாலு மாடிப் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் நீண்டது. பெட்டிக்காரர் அதை விட்டுவிட்டுக் கீழ்ப்படிக்கு இறங்கினார். கயிறு விறைத்தது. கப்பி ஒரு முறை கிரீச்சென்றது. கண்ணாடிக்காரருடைய தோளில் இருந்த கனம் கொஞ்சமும் கூடவில்லை.

"சார், இப்ப நடங்க. செவுத்தை ஒட்டியே. அவசரம் வேண்டாம்."

அவர் நடந்தார். அவர் தோளைத் தொட்டபடி பெட்டியின் தலைப் பக்கம் சுவரை உரசாமல் வட்டமடித்தது. வெளியே நீண்டிருந்த முனை காற்றிலேயே அரைவட்டம் போட்டு, கீழ்ப்படியில் காத்திருந்த பெட்டிக்காரரின் கைகளுக்கு வந்து சேர்ந்தது.

"வந்துடுச்சு" என்றார் பெட்டிக்காரர், தனக்குத்தானே. "அட, வந்துடுச்சுப்பா."

"தலைப் பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்க சார்" என்று பசை கத்தினான். "போதும், போதும். மட்டம்."

அதற்குள் குழாயும் கப்பியும் ஒரு மாடி இறங்கிவிட்டன. மச்சான் முடிச்சைத் தானே போடாமல், பிள்ளைகளில் ஒருத்தியைப் போடச் சொல்லி, இழுத்துப் பார்த்து, தலையசைத்தார். மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. பிறகு எதிர்க் கதவு. வீட்டுக்காரர்கள் செருப்பு ராக்குகளையும் சைக்கிளையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கதவு நிலையில் ஒட்டி நின்றார்கள். இரண்டாவது மாடியில் பெட்டி பாதி சுற்றியபோது கயிறு ஒரு நொடி தளர்ந்தது. பாட்டிலில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடியது.

"நில்லுங்க. யாரும் அசையாதீங்க" என்றாள் ஆணி. மேலே நிமிர்ந்து கப்பியைப் பார்த்தாள். "பெரியப்பா, ஒரு சாண் இழுங்க. இன்னும். அவ்வளவுதான்." தண்ணீர் ஆடி ஆடி, திரும்பி வந்து, நேராக நின்றது. சுவரோரம் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். அது இறந்தவளுக்காகவா, அந்தச் சிறுமிக்காகவா என்று சொல்ல முடியவில்லை.

கடைசித் திருப்பம்தான் மோசம். சுவரில் தபால் பெட்டிகள் புடைத்துக்கொண்டிருந்தன. அட்டைப் படிக்கட்டில் அவை இல்லை. பசை அளக்க மறந்திருந்தான். ஆணி ஒரு கணம் உதட்டைக் கடித்தாள். பிறகு, "இன்னும் உசரமா. தபால் பெட்டிக்கும் மேலே" என்றாள். ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கைகளை முழுக்க நீட்டி உயர்த்தினார்கள். கண்ணாடிக்காரர் குதிகாலைத் தூக்கி எம்பினார். அவள் அவர்கள் எல்லாருடைய தலைக்கும் மேலே, படுத்தபடி, யாரும் இதுவரை போகாத உயரத்தில், அந்தத் திருப்பத்தைச் சுற்றினாள்.

வாசல் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. தெருவில் வண்டி காத்திருந்தது. பெட்டி அதனுள் நழுவி நின்றது. பெட்டிக்காரர் கைகளைத் தட்டி உதறிக்கொண்டு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு ஆணியைப் பார்த்தார். "உங்க ஸ்கூல்ல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?" என்றார். மச்சான் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் போய், யாருக்கும் முகம் காட்டாமல் நின்றார்.

"ஏறுங்க சார்" என்றார் ஓட்டுநர். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் ஒரு காலை வண்டியின் படியில் வைத்தார். கட்டடத்தின் கீழ்ப்படியில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வியர்வையும் தூசியுமாக இருந்தார்கள். அழுகை இனிமேல்தான் வரும் போலிருந்தது. ஆனால் இப்போது அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டாவது மாடியில கயிறு ஏன் தளர்ந்துச்சு? நீ குழாயை ஓரமா வச்சுட்டே."

"நான் நடுவுலதான் வச்சேன். கீழே இருந்தவங்க முன்னாடியே தூக்கிட்டாங்க."

"தூக்கல. கப்பி திரும்பிக்கிச்சு. நான் பார்த்தேன்."

"திரும்பினா கயிறு உரசியிருக்குமே? உரசின அடையாளம் எங்க, காட்டு."

"தபால் பெட்டியை விட்டவன் எல்லாம் பேசக்கூடாது."

"சார், லேட் ஆகுது" என்றார் ஓட்டுநர்.

கண்ணாடிக்காரர் படியிலிருந்து காலை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க. அவங்க பேசி முடிக்கட்டும்."

ஓட்டுநர் அவரைப் பார்த்தார். படியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். கையை நீட்டி இன்ஜினை அணைத்தார்.